முட்டுச்சந்தும் பொதுவழியும்: தெரு வேலையில் நம் பங்கு எதுவரை?



சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்கு முன்னால் நம் அறக்கட்டளை ஒரு வேலை செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் முட்டுச்சந்தில் வருடாவருடம் தண்ணீர் நிற்கிறது. இந்த வருடமாவது பிள்ளைகள் முழங்கால் நனையாமல் மதரஸாவுக்கு வரட்டும் என்று பொது நிதியிலிருந்து எடுத்து ஒரு சிமெண்ட் வாறுகால் கட்டினோம். நகராட்சிக்கு எழுதவில்லை. எழுதினால் ஆறு மாதம் இழுக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். தெரிந்த கொத்தனார் ஒருவரை வைத்துப் பத்து நாளில் முடித்து, இந்த மடலில் படமும் போட்டோம். படத்தில் நிர்வாகிகள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்.

முதல் பெருமழையில் சந்தில் தண்ணீர் நிற்கவில்லை. நேரே அடுத்த தெருவுக்குப் போய், அன்றாடக் கூலிக்குப் போகிற மூன்று குடும்பங்களின் வாசலில் நின்றது. அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டு போக அங்கே வாறுகால் எதுவும் கிடையாது. மறுநாள் காலை அந்தத் தெருப் பெரியவர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். "பாய், உங்க தெருத் தண்ணியை எங்க வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. பிறகு நகராட்சி ஆட்கள் வந்து வாறுகாலின் வாயில் மண் மூட்டைகளை அடுக்கி அடைத்தார்கள். சந்தில் மறுபடி தண்ணீர் நின்றது. செலவான பணம் செலவானதுதான்.

இந்த இதழின் பாடத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறோம். அதே வேலையை நகராட்சியோடு சேர்ந்து முறையாகச் செய்ய இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. அதற்கு வீடுதோறும் பணம் கேட்டு வரப்போகிறோம். பணம் கேட்பதற்கு முன்னால், தெரு வேலையில் மக்கள் பங்கு எதுவரை, அரசாங்கத்தின் பங்கு எங்கிருந்து என்பதை எல்லோருமாக உட்கார்ந்து யோசித்துவிடுவது நல்லது. சென்ற ஆண்டு நாங்கள் யோசிக்காமல் விட்டது அதைத்தான்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய கேள்வியல்ல. இமாம் நவவீ அவர்களின் மின்ஹாஜில் ஸுல்ஹு பாடத்தில் தெருக்களைப் பற்றிய பகுதி ஒன்று வரும். ஓதுகிற வயதில் அதை நாங்கள் வேகமாகக் கடந்து போயிருக்கிறோம். யாருடைய வீட்டுத் திண்ணை எவ்வளவு நீள வேண்டும் என்பதில் பதினாறு வயதுப் பையனுக்கு என்ன அக்கறை? இப்போது திரும்பப் பார்த்தால், நம் பிரச்சினையே அங்கே இருக்கிறது. தெருக்களை அந்தப் பாடம் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகிற வழி ஊரார் எல்லோருக்கும் உரியது. நடந்து போகிறவர்களுக்கு இடைஞ்சல் தரும் எதையும் அங்கே யாரும் செய்யக்கூடாது. மறுபக்கம் அடைபட்ட முட்டுச்சந்து அங்கே வாசல் வைத்திருக்கிற வீட்டாரின் கூட்டுச் சொத்து. அங்கே ஒருவர் வெளியே நீட்டி ஏதாவது கட்ட வேண்டுமானால் மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. சந்து முழுவதிலும் எல்லோருக்கும் பங்கா, அல்லது சந்தின் வாயிலிருந்து அவரவர் வாசல் வரைக்கும்தான் பங்கா? இரண்டாவது கருத்தே வலுவானது என்று அந்த நூல் சொல்கிறது.

சென்ற ஆண்டு நாங்கள் செய்த தவறு இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. சந்துக்குள் வேலை செய்ய சந்து வீட்டாரிடம் சம்மதம் கேட்டோம், கிடைத்தது. தண்ணீர் சந்தின் வாயைத் தாண்டிப் பொதுவழியில் இறங்கியது. அங்கே நமக்குச் சம்மதம் தர வேண்டியவர்கள் அடுத்த தெருக்காரர்கள், ஊரார் சார்பில் நகராட்சி. அவர்களிடம் நாங்கள் வாய் திறக்கவில்லை.

இதே பிரிவினையை மிகப் பெரிய அளவில் நடைமுறையில் செய்து காட்டிய ஊர் ஒன்று உண்டு. கராச்சியின் வடமேற்கில் இருக்கும் ஒராங்கி. 1960களின் நடுவிலிருந்து வளர்ந்த குடியிருப்பு. 1971-க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களும் ஏராளமாக அங்கே குடியேறினார்கள். பல லட்சம் பேர் வாழ்ந்த இடத்தில் சாக்கடை கிடையாது. வாளிக் கழிப்பறைகளும் உறிஞ்சு குழிகளும்தான். கழிவு சந்துகளில் ஓடியது.

1980-ல் அங்கே அக்தர் ஹமீத் கான் என்ற பெரியவர் வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரன் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரி. வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, அலிகர் பக்கம் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் கொஞ்ச காலம் வாழ்ந்து பார்த்தவர். பிற்பாடு கோமில்லாவில் கிராமக் கூட்டுறவுப் பணி செய்து பெயர் பெற்றார். ஒராங்கிக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. வந்தவுடன் எதையும் கட்டவில்லை. பல மாதங்கள் சந்து சந்தாக நடந்து மக்களோடு பேசிக்கொண்டிருந்தார். முதலில் என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் சாக்கடையைச் சொன்னார்கள். ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால், அரசாங்கம் இலவசமாகப் போட்டுத் தரும், அதற்குத்தான் காத்திருக்கிறோம் என்றார்கள்.

அவர் கண்டுகொண்ட தடைகள் நான்கு. அரசாங்கம் இலவசமாகத் தரும் என்ற எண்ணம் மனதில் இருந்த தடை. ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்தால் ஆகும் செலவை ஏழைக் குடும்பம் தாங்காது என்பது பணத்தில் இருந்த தடை. குழாயை எந்த ஆழத்தில், எந்த வாட்டத்தில் புதைப்பது என்று யாருக்கும் தெரியாதது மூன்றாவது. ஒரு சந்தில் இருக்கிற இருபது முப்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசிப் பழகாதது நான்காவது. எங்கள் அனுபவத்தில் இந்தக் கடைசித் தடைதான் மற்ற மூன்றையும்விடக் கனமானது.

அவர் தொடங்கிய ஒராங்கி முன்னோடித் திட்டம் சாக்கடை போடப் பணம் கொடுக்கவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். சந்தை அளந்து வரைபடம் போட்டுக் கொடுத்தது, செலவைக் கணக்கிட்டுச் சொன்னது, கருவிகளை இரவல் கொடுத்தது, வேலையை எப்படிச் செய்வது என்று கற்றுக் கொடுத்தது. சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வீடு வீடாகப் பணம் வசூலித்தார். ஒப்பந்தக்காரரின் லாபம் போய், வடிவமைப்பும் எளிமையானதும் செலவு அரசாங்க மதிப்பீட்டில் ஒரு சிறு பகுதியாகக் குறைந்தது. எல்லாம் உடனே நன்றாக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தொடக்கத்தில் சில சந்துகளில் கான்கிரீட் தரமாக அமையவில்லை. கலவையின் விகிதமும், கட்டிய பிறகு தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டிய நாட்களும் சரியாகச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்து, முறையைத் திருத்திக்கொண்டு மேலே போனார்கள். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அந்த முறையில் சாக்கடை பெற்றிருக்கின்றன.

அவர்கள் வேலையைப் பிரித்த விதத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறோம். வீட்டுக்குள் கழிப்பறை, சந்தின் அடியில் ஓடும் குழாய், சில சந்துகளின் குழாய்களைச் சேர்த்துக்கொண்டு போகும் சிறு சாக்கடை ஆகிய மூன்றும் 'உள் வேலை'. அது மக்கள் பொறுப்பு. ஊர் முழுவதன் கழிவையும் கொண்டுபோகும் பெரும் சாக்கடையும், சுத்திகரிப்பு நிலையமும் 'வெளி வேலை'. அது அரசாங்கத்தின் பொறுப்பு. மக்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு, வரைபடத்தோடு போய், "எங்கள் வேலை இங்கே முடிந்திருக்கிறது, உங்கள் வேலை இங்கிருந்து தொடங்குகிறது" என்று கேட்டார்கள். கெஞ்சிக் கேட்பதற்கும் இப்படிக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அந்த வரைபட வேலையை அடுத்த தலைமுறையில் முன்னின்று நடத்தியவர் பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர். 1980களின் தொடக்கத்தில் இளம் பெண்ணாக அங்கே சேர்ந்தவர். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த அப்பகுதி இளைஞர்களுக்கு அளக்கவும் வரையவும் பயிற்சி கொடுத்தார்கள். கராச்சியின் மழைநீர் ஓடைகள் ஏற்கெனவே ஊர்க் கழிவையெல்லாம் சுமந்து போய்க்கொண்டிருப்பதை அந்த வரைபடங்கள் காட்டின. புதிதாகக் கோடிக்கணக்கில் குழாய் புதைப்பதைவிட அந்த ஓடைகளைச் சீர்செய்து மூடிக் கட்டுவது மேல் என்று அவர்களால் ஆதாரத்தோடு வாதாட முடிந்தது. நிலக் கொள்ளையையும் தண்ணீர்த் திருட்டையும்கூட அவர் ஆவணப்படுத்தினார். 2013 மார்ச் 13 அன்று வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தெரு வரைபடம் சாதாரணக் காகிதம்தானே என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

கதையின் குறையையும் மறைக்கக்கூடாது. கராச்சியின் கழிவில் பெரும்பகுதி இன்றும் சுத்திகரிக்கப்படாமல்தான் கடலுக்குப் போகிறது. சந்துகளில் மக்கள் தங்கள் பங்கை முடித்தார்கள். வெளி வேலை அந்த வேகத்தில் வரவில்லை. ஒரு கை மட்டும் தட்டினால் இவ்வளவுதான் ஓசை வரும்.

கராச்சி எங்கே, நம் ஊர் எங்கே என்று கேட்பீர்கள். அருகிலேயே ஆலந்தூர் இருக்கிறது. இப்போது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அப்போது தனி நகராட்சி. 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடை போட முடிவு செய்தபோது, வீட்டு இணைப்பு ஒன்றுக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடமே வைப்புத்தொகை கேட்டார்கள். அந்தக் காலத்து 5,000 ரூபாய் சின்னத் தொகையல்ல. குடியிருப்போர் நலச்சங்கங்கள் தெருத்தெருவாகப் பேசின. மக்கள் கட்டினார்கள். நகராட்சி கடனும் வாங்கி, குழாய்களையும் நீரேற்று நிலையத்தையும் கட்டியது. ஒராங்கியில் மக்களே கட்டினார்கள். இங்கே மக்கள் பணம் கொடுக்க, நகராட்சி கட்டியது. வழிகள் வேறு. இரண்டு இடத்திலும் யார் எதைச் செய்வது என்பது முன்கூட்டியே பேசி முடிவாகியிருந்தது.

நம் நகராட்சியோடு நாம் செய்ய நினைப்பது 'நமக்கு நாமே' திட்டத்தின் கீழ். இது 1997-ல் தமிழக அரசு தொடங்கியது. 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது, 2021-ல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. பெயர் எதுவானாலும் சாரம் ஒன்றுதான். பொதுவான ஒரு வேலைக்கு மதிப்பீடு போட்டு, அதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு போடும்.

சந்தும் அடுத்த தெருவும் சேர்த்து, பெரிய ரோட்டு வாறுகால் வரைக்கும் மூடிய கால்வாய் கட்ட ஏறக்குறைய ஒன்பது லட்சம் ஆகும் என்று நகராட்சிப் பொறியாளர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். மூன்றில் ஒரு பங்கு மூன்று லட்சம். நம் சந்தில் 26 வீடு, அடுத்த தெருவில் 14 வீடு. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு 7,500 ரூபாய்.

இந்தத் தொகையைச் சொன்னதும் முதலில் வந்த கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். "வீட்டு வரி கட்டுறோம், தண்ணி வரி கட்டுறோம், இது எதுக்கு தம்பி?" என்று ஒரு லாத்தா கூட்டத்திலேயே கேட்டார்கள். கேள்வி நியாயமானது, லாத்தா. வடிகால் அமைப்பது நகராட்சியின் கடமை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. பணம் கட்டாத தெருவுக்கும் அந்த உரிமை உண்டு. மூன்றில் ஒரு பங்கு திரட்ட முடிகிற தெருவுக்கு மீதி இரண்டு பங்கு அரசுப் பணம் வரும், திரட்ட முடியாத தெருவுக்கு வராது என்றால், வசதியுள்ள இடத்துக்கே மேலும் வசதி போய்ச் சேரும் என்ற குறை இந்தத் திட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. இதை ஒத்துக்கொண்டுதான் பேசுகிறோம். வரிசையில் காத்திருந்தால் எப்போதாவது நம் முறை வரலாம். ஆனால் மழை நமக்காகக் காத்திருக்காது. பங்கு கொடுத்த தெருவுக்கு இன்னொரு பலனும் உண்டு. கால்வாய் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், எந்த வீட்டு வாசலில் மூடி வர வேண்டும் என்று உட்கார்ந்து பேச நமக்கு இடம் கிடைக்கிறது.

திரட்ட முடியாதவர்களுக்கு என்ன வழி? அறக்கட்டளையின் வேலை அங்கேதான் இருக்கிறது. நாங்களே கட்டித் தந்து படம் எடுத்துக்கொள்வது இனி இல்லை. இரண்டு தெருவிலும் பங்கு கொடுக்க இயலாத வீடுகள் இருக்கின்றன. அவர்களின் பங்கை, எந்த வீடு என்று வெளியே சொல்லாமல், பொது நிதியிலிருந்து நிரப்புவோம். அடுத்த தெருவில் இருப்பவர்கள் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள் இல்லையே என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் போனது அவர்கள் வீட்டுக்குள் என்று அவருக்குப் பதில் சொன்னோம். விண்ணப்பமும் அறக்கட்டளையின் பெயரில் போகாது. இரண்டு தெருவாரும் சேர்ந்த குழுவின் பெயரில் போகும். குழுவில் நம் சந்திலிருந்து மூன்று பேர், அந்தத் தெருவிலிருந்து மூன்று பேர். சென்ற ஆண்டு நம் அலுவலகத்துக்கு வந்த பெரியவர் அதில் ஒருவராக இருக்கச் சம்மதித்திருக்கிறார்.

எந்தப் பணத்திலிருந்து கொடுக்கலாம் என்று பலர் விசாரித்தார்கள். ஜகாத் பணத்தைக் கால்வாய்க்குப் போட முடியாது. ஜகாத் பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர் என்று சூரா தவ்பாவில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சாலையும் சாக்கடையும் அதில் சேராது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. ஆகவே ஜகாத் கணக்கை நாங்கள் தொடவில்லை. தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துக்கு ஜகாத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அது அவர்கள் சொத்து; அதிலிருந்து அவர்கள் தங்கள் பங்கைச் செலுத்தினால் தடையில்லை. சதக்கா, லில்லாஹ் தாராளமாகக் கொடுக்கலாம். வங்கி வட்டியை எங்கே தள்ளுவது என்று தெரியாமல் வைத்திருப்பவர்கள் சாக்கடை என்றதும் முகம் மலர்ந்து வருகிறார்கள். நன்மை எதிர்பார்க்காமல் அதைப் பொது வேலைக்குக் கொடுத்துக் கழித்துவிடலாம் என்று சொல்லும் ஆலிம்கள் இருக்கிறார்கள். நம் ஹஜ்ரத்திடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பங்கான 7,500 உங்கள் சொந்தப் பணமாக இருக்கட்டும் என்பது எங்கள் வேண்டுகோள். தன் பணம் போட்ட வேலையைத்தான் மனிதன் குனிந்து பார்ப்பான்.

இனி முறைகளுக்கு வருகிறோம். ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், வாக்காளர்கள் கலந்துகொள்ளும் பகுதி சபாவும் அமைய 2022-ல் தமிழக அரசு விதிகள் வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. நம் பகுதியிலும் நடந்தது. நம் சந்திலிருந்து போனவர்கள் இரண்டே பேர். அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுத்தில் வைத்து, கூட்டக் குறிப்பில் ஏற்றிவிட வேண்டும். வாய்ப்பேச்சு அடுத்த ஆணையர் மாறுதலாகி வந்ததும் காற்றோடு போய்விடும்.

எழுத்தில் மதிப்பீடு கையில் வராமல் யாரிடமும் பணம் வாங்க மாட்டோம். வந்த பிறகு குழுவின் பெயரில் தனி வங்கிக் கணக்கு. மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகாது. வரவு ஒவ்வொன்றும் அறிவிப்புப் பலகையில் வரும். நகராட்சிக்குச் செலுத்தினால் அதற்கு ரசீது. வேலை நடக்கும்போது அளவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதும் தரையில் கட்டியிருப்பதும் ஒன்றா என்று பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணத்தின் நகல் கேட்பதோடு நின்றுவிடவில்லை. நடக்கிற வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டுப் பெறவும் அதில் இடம் உண்டு. மனுக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். இதை மிரட்டலாகப் பயன்படுத்த வேண்டாம். நல்ல முறையில் கேட்டாலே பெரும்பாலும் காட்டிவிடுகிறார்கள். காட்டாதபோதுதான் மனு.

இரண்டு நிபந்தனைகளில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. முதலாவது, இது மழைநீரும் குளிக்கிற, துவைக்கிற தண்ணீரும் போவதற்கான கால்வாய். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை யாரும் இரவோடு இரவாக இதில் இணைக்கக்கூடாது. நம் சந்தில் அப்படி இணைக்கும் எண்ணம் இரண்டு மூன்று வீடுகளுக்கு இருப்பது எங்களுக்குத் தெரியும். அவர்கள் இதைப் படிக்கிறார்கள் என்பதும் தெரியும்.

இரண்டாவது, அடைப்பு எடுப்பது. கால்வாய் அடைத்துக்கொண்டால் ஒருவரைப் பிடித்து, கையில் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து, உள்ளே இறங்கச் சொல்வது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. செப்டிக் டேங்க் விஷயத்திலும் இதேதான். கையால் மலம் அள்ளுவதற்கு ஆளை அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013-ன் சட்டம் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருப்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளை வீழ்த்திவிடும். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் சேர்ந்து போவதை எத்தனை முறை செய்தித்தாளில் படித்திருக்கிறோம். அதனால், மேலிருந்தே கம்பி விட்டுத் தூர் எடுக்கும்படி ஆழம் குறைவாகவும், நெருக்கமாகக் கழற்றும் மூடிகள் வைத்தும் கால்வாயை வடிவமைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சந்துக்குள் மூடியைத் தூக்கிக் குப்பை அகற்றுவது வீட்டார் முறைவைத்துச் செய்ய வேண்டியது. பொதுவழியில் தூர் வாருவது நகராட்சி வேலை. அந்த எல்லைக்கோட்டை ஒப்பந்தக் கடிதத்திலேயே எழுதிக் கேட்போம்.

வேலை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவரும் அடுத்த தெருப் பையன் ஒருவனும் சேர்ந்து, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தைக் கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தெருவையும் அளந்தார்கள். சென்ற ஆண்டு நாங்கள் கட்டிய வாறுகாலுக்கு நடுவில் வாட்டமே இல்லை, ஓர் இடத்தில் எதிர்வாட்டம் இருக்கிறது என்று அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். வரைபடத்தைப் போட்டு மதரஸா ஹாலில் விரித்து வைத்தபோது ஆண்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போய்விட்டார்கள். பெண்கள் வந்து பார்த்த பிறகுதான் ஏழு இடங்களில் தவறு தெரிந்தது. எந்த வீட்டுக் குளியலறைத் தண்ணீர் முன்பக்கம் போகிறது, எது பின்பக்கச் சுவரோரம் போகிறது, மழை நாளில் முதலில் எந்தப் படி முழுகும் என்பதெல்லாம் தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றுகிறவர்களுக்குத்தானே தெரியும்.

40 வீட்டில் 31 வீடு சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறது. நான்கு வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில், போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இரண்டு வீட்டார் முடியாது என்றார்கள். ஒருவர் சந்தின் வாயிலேயே இருப்பவர். "என் வீட்டுத் தண்ணி பத்தடி போனா ரோடு. கடைசி வீட்டுக்கும் எனக்கும் ஒரே தொகையா?" என்பது அவர் வாதம். மேலே சொன்ன மின்ஹாஜ் பாடத்தை அவர் படித்ததில்லை. ஆனாலும் அந்த நூல் வலுவானது என்று சொன்ன கருத்தை ஒட்டித்தான் பேசுகிறார்! அவரைப் பழித்துப் பேச வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறோம். வாயிலில் இருப்பவருக்குக் கொஞ்சம் குறைத்து, அந்தக் குறையை உள்ளே இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாமா என்பதை வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மதரஸா ஹாலில் இரண்டு தெருவாரும் பேசி முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ். பெண்களுக்கு உள் அறையில் இடம் இருக்கிறது. அங்கிருந்தே பேச ஒலிபெருக்கியும் வைக்கிறோம்.

வரைபடம் ஹாலின் கிழக்குச் சுவரில் தொங்குகிறது. உங்கள் வீட்டைத் தேடிப் பாருங்கள். தவறு இருந்தால் திருத்தலாம். பக்கத்திலேயே பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பேனாவால் எழுத வேண்டாம், பிள்ளைகள் மறுபடி முழுவதையும் வரைய வேண்டியிருக்கும்.